டெவில் கார்டில் ஆசை எங்கே இருக்கிறது?

04.02.2024 – ஒருவர் கேட்டது

"டாரட், அதாவது படச் சீட்டில் குறி பார்ப்பது, பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. 15ஆம் கார்டு டெவில் என்றால் ஆசை, அடிமைத்தனம், உடல் இச்சை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் படத்தில் ஆசைப்படுகிற ஆளே இல்லையே? ஆணும் பெண்ணும் அம்மணமாக நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் தொடக்கூட இல்லை. கழுத்துச் சங்கிலி தளர்ந்து கிடப்பதால் நினைத்தால் கழற்றிவிடலாம், அதுதான் கார்டின் செய்தி என்று படித்தேன். அவ்வளவுதானா?"

04.02.2024, இரவு

அவ்வளவுதான். சங்கிலி வளையம் தலையைவிடப் பெரியது. கையும் கட்டப்படவில்லை. தூக்கிக் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கலாம், ஆனால் நடக்க மாட்டார்கள். ஆசை என்பது நாமே மாட்டிக்கொண்டு நிற்பது. ரீடிங்கில், அதாவது ஒருவருக்குக் கார்டு எடுத்துப் பலன் சொல்லும்போது, இந்தக் கார்டு வந்தால் எதிரில் இருப்பவரிடம் இதைச் சொன்னால் போதும்.

05.02.2024, காலை

நேற்று எழுதியதை இப்போது படித்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. எல்லா டாரட் புத்தகமும் சொல்வதை ஒப்பித்திருக்கிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

இதே வசனத்தை ஒரு மனிதரிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். 2019 பொங்கல், மதுரையில் பெரியப்பா வீடு. டாரட் கட்டு வாங்கிப் புதிது, பார்ப்பவரிடமெல்லாம் "ஒன்று எடுங்கள்" என்று நீட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அப்போது 46 வயது. குடிப்பார். எவ்வளவு என்று இங்கே எழுத வேண்டாம். வீட்டில் அவரோடு யாரும் அதிகம் பேசுவதில்லை. மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தார், பொழுது போகட்டும் என்று நீட்டினேன். எடுத்தார். டெவில்.

நான் ஆரம்பித்தேன்: பாருங்கண்ணே, சங்கிலி தளர்வா இருக்கு, நினைச்சா கழட்டிடலாம்.

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தளர்வா இருக்குன்னு உனக்குத் தெரியும்டா. நீ வெளிய நிக்கிற. கழுத்துல கிடக்கிறவனுக்கு அது கனமாத்தான் இருக்கும்." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, கார்டைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு: "இதைப் பாரு, இவன் வால்ல தீப்பிடிச்சிருக்கு. இவனுக்குத் தெரியவே இல்ல."

நான் அன்றுவரை வாலைப் பார்த்ததே இல்லை. ஏழு மாதம் அந்தக் கட்டோடு தூங்கி எழுந்தவன்.

அதனால் கேள்வி கேட்டவருக்கு: "கழற்றிவிடலாம்" என்பது வெளியே நிற்பவன் கண்ணுக்குத் தெரிகிற செய்தி. குடியிலோ, விட முடியாத ஒரு ஆளிடமோ சிக்கியவரிடம் அதைச் சொன்னால், "நீயே வேண்டுமென்று நிற்கிறாய்" என்று திட்டியதாகத்தான் அவர் காதில் விழும். நேற்றைய பதிலை வாபஸ் வாங்குகிறேன்.

05.02.2024, மதியம்

சாப்பாட்டு வேளையில் வெயிட் எழுதியதையே எடுத்துப் பார்த்தேன். புதியவர்களுக்கு ஒரு வரி: இன்று பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும் கட்டு 1909 டிசம்பரில் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. யோசனை ஏ. இ. வெயிட், படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித். 78 கார்டு, அதில் டெவில் போலத் தனிப் பெயர் உள்ள 22 கார்டு மேஜர் அர்கானா, மீதி மைனர். 1911இல் படங்களோடு வெயிட்டின் விளக்க நூல் வந்தது.

அதில் டெவில் பகுதியைப் படித்தால் தலை சுற்றுகிறது.

சங்கிலி உண்டு, தளர்வு என்ற பேச்சே இல்லை. அது படத்தைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் சொன்னது. தப்பு என்று சொல்லவில்லை, படத்தில் தளர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் "கார்டின் செய்தி" என்று வெயிட் பெயரில் சொல்லக் கூடாது.

பிசாசின் அடிவயிற்றில் புதன் குறி இருக்கிறதாம். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். என் கார்டில் இல்லை. தொப்புள் இருக்கிறது.

பீடத்தின்மேல் நிற்கிறது என்கிறார். படத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஆணும் பெண்ணும் ஐந்தாம் கார்டில் வருபவர்களைப் போன்றவர்கள், வீழ்ச்சிக்குப் பிந்தைய ஆதாம் ஏவாள் மாதிரி, என்கிறார். ஆதாம் ஏவாள் சாயலில் இருப்பவர்கள் ஆறாம் கார்டில், லவ்வர்ஸில், அல்லவா நிற்கிறார்கள்? கைத்தவறு போலிருக்கிறது.

எல்லாவற்றையும்விட இது: பலன் பட்டியலில் ஆசை என்ற சொல்லே இல்லை. அழிவு, வன்முறை, உக்கிரம், அசாதாரண முயற்சி, வலிமை, விதி. கூடவே, விதிக்கப்பட்டதுதான், ஆனால் அதனாலேயே தீயது என்று ஆகாது, என்று ஒரு குறிப்பு. தலைகீழாக வந்தால் பலவீனம், அற்பத்தனம், குருட்டுத்தனம். இச்சை, காமம், போதை எதுவும் கிடையாது. நூறு வருஷமாக நாம் அந்தக் கார்டின்மேல் ஏற்றி வைத்த மூட்டை அது.

05.02.2024, இரவு

மதியம் எழுதியதில் அவசரம். பலன் பட்டியலில் ஆசை இல்லை என்பது சரி. படத்தை விவரிக்கும் இடத்தில், வால் இருப்பது மிருக இயல்பைக் காட்ட, ஆனால் முகத்தில் மனித அறிவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். மிருக இயல்பு என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்பது நமக்குத் தெரியும். ஆகவே முழுசாக மறுக்க முடியாது.

அதே பத்தியில் இன்னொன்று இருக்கிறது, இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மேலே உட்கார்ந்திருப்பவன் இவர்களுக்கு என்றைக்கும் எஜமானாக இருக்கப் போவதில்லை. இப்போதுமே அவனும் ஓர் அடிமைதான், தன்னுள் இருக்கும் தீமையால்தான் பிழைக்கிறான் என்கிறார்.

இதை வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பாருங்கள். சங்கிலி பிசாசின் கையில் இல்லை. பீடத்தில் ஒரு வளையம், அதில் மாட்டியிருக்கிறது. அவன் குந்தியிருப்பது அதே பீடத்தில். கீழே நிற்கும் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே பக்கமாக இழுத்தால் அவன் விழுந்துவிடுவான் என்று எனக்கு ஓர் எண்ணம். என் கற்பனைதான். வெயிட் சொல்லவில்லை.

06.02.2024

வாலுக்கு வருகிறேன். அண்ணன் ஆண் வாலை மட்டும் பார்த்தார். பெண்ணுக்கும் வால் உண்டு, அதன் நுனியில் திராட்சைக் குலை. ஆணின் வால் நுனியில் தீ. பிசாசு இடக்கையில் தீப்பந்தத்தைக் கீழே தாழ்த்திப் பிடித்திருக்கிறது, அது நேராக ஆணின் வாலுக்குப் போகிறது. பற்ற வைப்பதே அவன்தான்.

இப்போது 6ஆம் கார்டைப் பக்கத்தில் வையுங்கள். அதே இடத்தில் அதே இருவர்: நமக்கு இடப்பக்கம் பெண், வலப்பக்கம் ஆண். மேலே தேவதூதர். பெண்ணுக்குப் பின்னால் பழமரம், பாம்பு சுற்றியிருக்கிறது. ஆணுக்குப் பின்னால் இன்னொரு மரம், இலைக்குப் பதில் பன்னிரண்டு தீக்கொழுந்து. அங்கே பெண்ணின் பின்னால் பழம், இங்கே பெண்ணின் வாலில் பழம். அங்கே ஆணின் பின்னால் தீ, இங்கே ஆணின் வாலில் தீ. 1+5=6 என்று எண்கணிதக்காரர்கள் சொல்வதை விடுங்கள், கண்ணாலேயே தெரிகிறது.

கேள்வி கேட்டவர் தேடிய ஆசை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 6இல் அது தனியாக நிற்கிற மரம். வேர் நிலத்தில், ஆளுக்கும் மரத்துக்கும் நடுவே நாலடி இடைவெளி. பறிக்கலாம், பறிக்காமலும் இருக்கலாம். 15க்கு வரும்போது மரத்தைக் காணோம், அது இவர்கள் முதுகெலும்பின் நுனியிலிருந்து முளைத்திருக்கிறது. முகத்தில் ஆசை தெரியவில்லை என்றீர்களே, முகத்தில் ஏன் தெரிய வேண்டும்? அதுதான் பின்னால் போய்விட்டதே.

சங்கிலியைக் கழற்றினாலும் வால் கூடவே வரும். அண்ணன் சொன்ன கனம் அதுவாக இருக்கலாம்.

06.02.2024, பத்து நிமிடம் கழித்து

வாலில் தீ என்றதும் எல்லோரும் அனுமார் படம் போட ஆரம்பித்துவிட்டீர்கள். சரி, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அண்ணனும் அன்றைக்கே சொன்னார்: "அனுமார் வால்ல வச்சா இலங்கை எரிஞ்சது. நம்ம வால்ல வச்சா நம்ம வீடுதான் எரியுது." இதற்குமேல் அனுமாரை இழுக்க வேண்டாம், அவருக்கும் இந்தக் கார்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

08.02.2024

"வால் மிருக இயல்பு என்று வெயிட்டே சொல்லிவிட்டார், திராட்சையும் தீயும் வெறும் அலங்காரம்" என்று ஒருவர். வெயிட் திராட்சையையும் தீயையும் பற்றி அந்தப் பத்தியில் வாயே திறக்கவில்லை என்பது உண்மை. அதனால் அது அலங்காரமா? வரைந்த பெண்மணி சும்மா வரைந்திருப்பார் என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பமீலா ஸ்மித் 1878இல் லண்டனில் பிறந்தவர். நாடக மேடை அலங்காரம், கதைப் புத்தகப் படங்கள், கதை சொல்வது என்று பல வேலை. 1909 நவம்பரில் நியூயார்க்கில் இருந்த புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீகிளிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை ஒன்றை மிகக் குறைந்த காசுக்கு முடித்திருக்கிறேன் என்று சொல்கிறார். இந்தக் கட்டுதான் அந்தப் பெரிய வேலை. 1951இல் கார்ன்வாலில் கடனோடு இறந்தார். மேஜர் கார்டுகளுக்கு வெயிட் பக்கத்தில் இருந்து வழிகாட்டினார், மைனர் கார்டுகளை இவர் போக்கில் விட்டுவிட்டார் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அப்படியே இருக்கட்டும். மேடையில் வேலை செய்த ஒருவர் ஒரே ஆணையும் பெண்ணையும் இரண்டு காட்சியில் அதே இடத்தில் நிறுத்தி, பின்னணியில் இருந்த பொருளை உடம்பில் கொண்டுவந்து ஒட்டினால் அது தற்செயல் என்று நான் நம்ப மாட்டேன். வெயிட் சொல்லிச் செய்தாரா, தானாகச் செய்தாரா என்பது வேறு கேள்வி.

திராட்சை என்றால் மது என்று எடுத்துக்கொண்டு, "உங்கள் அண்ணனுக்கு அந்த வால்தானே பொருந்தும்?" என்று ஒரு பின்னூட்டம். அது பெண் வால். அவர் தீயைத்தான் பார்த்தார். அவரவர் வால் அவரவருக்கு.

11.02.2024

பழைய கட்டுகளைப் பற்றிக் கேட்டவருக்கு.

மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டுகளில் 15ஆம் கார்டில் ஆதாம் ஏவாள் கிடையாது. பெரிய பிசாசு பீடத்தில், கீழே வாலும் கொம்பும் வைத்த இரண்டு குட்டிப் பிசாசு, கழுத்தில் கயிறு, கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். ஸ்மித்தின் படத்தில் கைகள் முன்னால் வந்து சும்மா தொங்குகின்றன. யாரோ அவிழ்த்துவிட்ட மாதிரி. "கழற்றிவிடலாம்" என்ற பேச்சுக்கு உண்மையான ஆதாரம் வேண்டுமென்றால் சங்கிலியைவிட இந்தக் கை நல்ல ஆதாரம்.

மார்செய் 6ஆம் கார்டும் வேறு. நடுவில் ஓர் இளைஞன், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள், மேலே அம்பு பூட்டிய க்யூபிட். அங்கே ஆசை என்பது யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற தவிப்பு, அம்பு எப்போது விடுபடும் என்பது அவன் கையில் இல்லை. அதில் மரமும் இல்லை, பழமும் இல்லை. ஆகவே நான் 06ஆம் தேதி எழுதிய மரம்-வால் கணக்கு 1909 கட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். "டாரட்டில் ஆசை" என்று பொதுவாகச் சொன்னது போல ஆகிவிட்டது, திருத்திக்கொள்கிறேன்.

ஆட்டுத்தலை, ஒரு கை மேலே ஒரு கை கீழே, இதெல்லாம் பிரான்சின் மாந்திரீக எழுத்தாளர் எலிஃபா லெவி 1850களில் வெளியிட்ட பஃபோமெட் என்ற ஆட்டுத்தலை உருவத்தின் படத்திலிருந்து வந்தவை. ஆனால் லெவியின் உருவம் அரைகுறை மரியாதையோடு உட்கார்ந்திருக்கும். ஸ்மித்தின் பிசாசு சாப்பாடு தாமதமான மாமனார் மாதிரி முறைக்கிறது.

இன்னும் பின்னால் போனால் ஒரு வேடிக்கை. மிலானில் 15ஆம் நூற்றாண்டில் விஸ்கோன்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த கட்டு ஒன்றில் 74 கார்டு மிஞ்சியிருக்கிறது: 35 நியூயார்க் மார்கன் நூலகத்தில், மீதி பெர்கமோவில். காணாமல் போன நாலில் டெவிலும் ஒன்று. தொலைந்ததா, வரையவே இல்லையா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்.

13.02.2024

டெவில் வந்துவிட்டது, பரிகாரம் என்ன என்று தனியாகக் கேட்டவருக்கு: ஒன்றும் இல்லை. இது இத்தாலியில் சீட்டு விளையாடப் பிறந்த கட்டு. 300 வருஷத்துக்குமேல் மனிதர்கள் இதை வைத்துத் துருப்புப் போட்டு விளையாடிவிட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பிரான்சில் பெரிதாகக் குறி பார்க்க ஆரம்பித்தார்கள். துருப்புச் சீட்டுக்குப் பரிகாரம் செய்தால் சீட்டு சிரிக்கும்.

17.02.2024, இரவு

தூக்கம் வராமல் கட்டை முழுக்கப் பரப்பிப் பார்த்தேன். ஒரு கொள்கை கிடைத்துவிட்டது. இந்தக் கட்டில் ஆசை எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது!

6இல் மரம் பின்னால். 15இல் வால் பின்னால். நைன் ஆஃப் கப்ஸ், விருப்பம் நிறைவேறும் கார்டு என்று எல்லோரும் குதிப்பார்களே, அதை எடுங்கள். வயிறு நிறைந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஒன்பது கோப்பையும் அவனுக்குப் பின்னால், துணி போர்த்திய வளைந்த மேடையில். அவன் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பார்ப்பது நாம். கல்யாண வீட்டு வாசலில் சீர்வரிசைத் தட்டுகளைப் பின்னால் வைத்துப் படத்துக்கு நிற்கிற மாமா மாதிரி இல்லை?

ஆசைப்படுகிறவனுக்குத் தன் ஆசை தெரியாது, எதிரில் இருப்பவனுக்குத்தான் தெரியும். கார்டுகளை எதிரில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதே இதனால்தானோ? நாளைக்கு நிதானமாக எழுதுகிறேன்.

18.02.2024

நாளைக்கு வந்தது. கொள்கை போனது.

ஒருவர் ஒரே ஒரு கார்டைப் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார். செவன் ஆஃப் கப்ஸ். மேகத்தில் ஏழு கோப்பை, ஒன்றில் தலை, ஒன்றில் துணி போர்த்திய உருவம், பாம்பு, கோட்டை, நகைக்குவியல், வெற்றி மாலை, டிராகன் போல ஒரு பிராணி. எல்லாம் ஆளுக்கு நேர் எதிரில். கையை விரித்து வாய் பிளந்து நிற்கிறான், வாய் நமக்குத் தெரியாவிட்டாலும். ஆசையைப் பற்றி இந்தக் கட்டில் ஒரே ஒரு கார்டைக் காட்டு என்றால் பாதிப்பேர் இதைத்தான் காட்டுவார்கள். நான் இதை எப்படி மறந்தேன் என்றால், கொள்கை பிடித்துப்போனதால் மறந்தேன்.

சரி, ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், தோற்றவன் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை. செவன் ஆஃப் கப்ஸில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவன் அந்த ஆள். முழுக்கக் கருநிழலாக. கோப்பைகள் பளிச்சென்று இருக்கின்றன, ஆள் இருட்டு. டெவிலில் ஆளைப் பார்க்க முடிகிறது, ஆசையைத் தேட வேண்டியிருக்கிறது. இங்கே ஆசை தெரிகிறது, ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. என் ரீடிங்குகளில் இந்த இரண்டு வகை மனிதர்களும் வந்திருக்கிறார்கள். வெளிநாட்டு வேலை, கடை, சினிமா, கல்யாணம் என்று ஒரே மூச்சில் ஏழு கேள்வி கேட்டவனுக்கு எந்தக் கார்டு வந்தாலும் நான் மனதுக்குள் ஏழு கோப்பையைத்தான் போட்டுக்கொள்வேன். எனக்கு ஒன்றும் வேண்டாம், எல்லாம் நன்றாகத்தான் போகிறது, சும்மா பாருங்கள், என்று உட்காருகிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

"ஏழு மாதம் கட்டோடு தூங்கி எழுந்தவர்" என்று என் வரியை எனக்கே திருப்பிப் போட்ட புண்ணியவானுக்கு நன்றி.

21.02.2024

பிசாசின் வலது உள்ளங்கையைப் பார்த்திருக்கிறீர்களா? சனிக் கிரகக் குறி கீறியிருக்கிறது. வெயிட்டும் ஸ்மித்தும் இருந்த கோல்டன் டான் என்ற ரகசிய அமைப்பு (1888, லண்டன்) இந்தக் கார்டுக்கு மகர ராசியைக் கொடுத்திருந்தது. மகரத்துக்கு அதிபதி சனி. அங்கேயும் சனி, நம் ஜாதகத்திலும் சனி. ராசிச் சக்கரம் நமக்கும் அவர்களுக்கும் ஒரே பழைய சொத்து, அதனால் இதில் ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் என்னவென்றால் அவர்கள் மகரத்துக்கு ஆடு, மீன்வால் வைத்த ஆடு. நமக்கு முதலையும் மீனும் கலந்த பிராணி. அந்த மகரத்தைக் கொடியில் வைத்திருப்பவர் யார்? மன்மதன். மகரக்கொடியோன். ஆசையின் கடவுளுடைய கொடி, ஆசையின் கார்டு, இரண்டும் ஒரே ராசி. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

22.02.2024

கை நடுக்கம் நின்றுவிட்டது. லண்டன்காரர்கள் மன்மதன் கொடியைப் பார்த்து ராசி ஒதுக்கவில்லை. எபிரேய எழுத்து வரிசைப்படி 22 கார்டுக்கும் கிரகம், ராசி, பூதம் என்று வரிசையாகப் பங்கு போட்டுக்கொண்டு வந்தார்கள், இதற்கு அயின் என்ற எழுத்தும் மகரமும் விழுந்தன. தற்செயல். நேற்றைய குறிப்பை மகர ராசிக்காரர்கள் ஸ்டேட்டஸில் வைத்திருப்பதாகத் தெரிகிறது. எடுத்துவிடுங்கள்.

அயின் என்றால் கண் என்று பொருள். இது தற்செயலாக இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் மூன்று வாரமாக நாம் செய்வது முழுக்க இந்தக் கார்டில் எது யார் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான்.

02.03.2024

தமிழில் இந்தக் கார்டுக்கு என்ன சொல் போடுவது என்று கேட்டார்கள். ஆசை, இச்சை, காமம், வேட்கை, அவா. குறளில் 37ஆம் அதிகாரம் அவா அறுத்தல். திருமூலர் ஈசனோடாயினும் ஆசை அறுமின்கள் என்கிறார். இரண்டு பேருமே அறுக்கச் சொல்கிறார்கள். அறுப்பதற்கு அது கயிறாக இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த யோசனை எவ்வளவு உதவும் என்று 05ஆம் தேதியே பேசியாயிற்று.

எனக்குப் பிடித்த சொல் பாசம். பேச்சில் அன்பு, "பாசக்காரப் பய". பழைய பொருள் கயிறு, எமன் கையில் இருப்பதும் பாசம்தான். சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம்: கட்டுண்ட உயிர் பசு, கட்டு பாசம். கழுத்தில் வளையம், வால், கொம்பு, எல்லாம் வைத்து இரண்டு பேரை நிறுத்தியிருக்கும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எந்த மொழி வார்த்தை வைத்திருக்கிறது? மேலே பதி இருக்க வேண்டிய இடத்தில் ஆட்டுத்தலை இருக்கிறது, அது மட்டும்தான் இடிக்கிறது. லண்டனுக்கும் சித்தாந்தத்துக்கும் முடிச்சுப் போடவில்லை, மகரம் போட்ட சூடு ஆறவில்லை. ரீடிங்கில் எதிரில் தமிழ் ஆள் உட்கார்ந்திருந்தால் நான் பயன்படுத்துகிற சொல் இது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு அம்மா வந்தார், 60 வயது இருக்கும். மகன் தனிக்குடித்தனம் போன விஷயம். டெவில் விழுந்தது. பிசாசு என்றதும் மருமகள் என்று முடிவு செய்யப் பார்த்தார். நான் ஆசை, இச்சை என்று ஆரம்பித்திருந்தால் எழுந்து போயிருப்பார். "இது பாசம்மா" என்றேன். ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தார். "இதுல நான் யாரு, கட்டினவளா, கட்டுப்பட்டவளா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. காபி கொடுத்தேன்.

03.03.2024

கிளிக்கு டாரட் கொடுத்தால் என்ன எடுக்கும் என்று கேட்டவரை யாராவது கவனியுங்கள்.

19.05.2024

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். பெரியம்மா தவறி 16ஆம் நாள் காரியத்துக்கு மதுரை போயிருந்தேன். அண்ணனைப் பார்த்தேன். விட்டாரா என்று கேட்பீர்கள். குறைந்திருக்கிறது என்று அண்ணி சொன்னார். குறைந்திருக்கிறது என்று அண்ணி ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்.

மாடியில் உட்கார்ந்திருந்தபோது இங்கே நடந்ததைச் சொன்னேன். வால், மரம், திராட்சை, எல்லாம். 6ஆம் கார்டும் 15ஆம் கார்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முதலில் 6ஐத்தான் எடுத்தார். "இதுல எல்லாம் தள்ளித்தான இருக்கு. அப்புறம் எப்ப ஒட்டுச்சு?" என்றார்.

நல்ல கேள்வி. 6க்கும் 15க்கும் நடுவே எட்டு கார்டு இருக்கிறது. ரதம், வலிமை, துறவி, சக்கரம், நீதி, தலைகீழாகத் தொங்குபவன், மரணம், நிதானம். எந்தக் கார்டில் மரம் முதுகில் ஒட்டுகிறது? வலிமையில் ஒரு பெண் சிங்கத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பூமாலையைச் சங்கிலி போல அதன் கழுத்தில் போட்டிருக்கிறாள், அங்கேயா? இல்லை, 14ஆம் கார்டு நிதானத்தில் தேவதை ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்கு ஊற்றுகிறாரே, சிந்தாமல், அதற்கு அடுத்த கார்டு டெவில். ஊற்றிக் கலப்பதைப் பற்றி அண்ணனுக்குத் தெரியாததா. 14ஐக் காட்டியதும், "இவருக்குக் கை நடுங்கல" என்று மட்டும் சொன்னார். 

எனக்கு இதற்கு விடை இல்லை. பூமாலைச் சங்கிலி மட்டும் மண்டைக்குள் ஓடுகிறது. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

20.05.2024

ஊருக்குத் திரும்பிக் கட்டை எண்ணினால் 77. மூன்று தடவை எண்ணிவிட்டேன். டெவில் இல்லை.

அண்ணனுக்கு போன் போட்டேன். "உன் பிசாசு என் சட்டைப் பைலதான் இருக்கு. உனக்கு எதுக்கு அது, நீதான் வெளிய நிக்கிறவனாச்சே" என்றார்.

மிலான் கட்டில் காணாமல் போன டெவில் எங்கே போயிற்று என்று இன்னும் அடித்துக்கொள்கிறவர்கள், அந்த வீட்டில் யாராவது அண்ணன் இருந்தாரா என்று பார்க்கலாம்.

ஒரு கார்டு குறைந்த கட்டில் ரீடிங் செல்லுமா என்று யாரும் கேட்க வேண்டாம். இன்றைக்கு ஒன்று பார்த்தேன். நைன் ஆஃப் கப்ஸ் வந்தது, வந்தவர் சந்தோஷமாகப் போனார்.